பால் வாளியில் ஏறாத தழைச்சத்து

நாளொன்றுக்கு 30 லிட்டர் கறக்கும் மாடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். உலர் எடைக் கணக்கில் 20 கிலோ தின்கிறது. தீவனத்தில் கச்சாப் புரதம் 17 சதவீதம். அப்படியென்றால் வயிற்றுக்குள் போகும் புரதம் 3.4 கிலோ. புரதத்தில் 16 சதவீதம் நைட்ரஜன் என்பதால் தழைச்சத்து 544 கிராம். இனி வெளியே வருவதைப் பார்ப்போம். பாலில் 3.2 சதவீதம் புரதம் இருந்தால் 960 கிராம். பால் புரதத்துக்குரிய 6.38-ஆல் வகுத்தால் 150 கிராம் நைட்ரஜன். மீதி 394 கிராம் சாணத்திலும் மூத்திரத்திலும் போகிறது. உடம்பில் தங்குவது அற்பம். போட்டதில் கால்பங்கு சொச்சம்தான் பாலாகிறது. நல்ல பராமரிப்பு உள்ள பண்ணையிலும் இதுதான் நிலவரம்.

பாஸ்பரஸுக்கும் இதே கணக்கைப் போடலாம். தீவனத்தில் 0.45 சதவீதம் இருந்தால் 20 கிலோவில் 90 கிராம். லிட்டர் பாலில் ஏறுவது சுமார் 0.9 கிராம், ஆக 27 கிராம். இந்த மாட்டின் தேவை 0.36 சதவீதத்தில், அதாவது 72 கிராமில் நிறைவடைந்துவிடும். கூடுதலாகக் கொடுத்த 18 கிராம் மாட்டுக்கு எந்தப் பயனும் தராமல் சாணத்தில் இறங்குகிறது.

18 கிராம் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். ஏரி நீரில் மொத்தப் பாஸ்பரஸ் லிட்டருக்கு 0.035 மில்லிகிராமைத் தாண்டினாலே அது சத்து மிகுந்த, பாசி பெருகக்கூடிய நீர் என்று வகைப்படுத்துகிறார்கள். ஒரு மாட்டின் ஒரு நாள் உபரி முழுவதும் நீர்நிலையை அடைந்தால், 5 லட்சம் லிட்டர் சுத்த நீரை அந்த அளவுக்குக் கொண்டுபோய்விடும். தழைச்சத்தின் வழி வேறு. அது நைட்ரேட்டாகி மண்ணில் இறங்கிக் கிணற்றுக்குப் போகிறது. குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது உலக சுகாதார அமைப்பின் வரம்பு. நைட்ரஜனாகச் சொன்னால் 11.3 மில்லிகிராம். ஒரு வருடத்தில் வேர்ப்பகுதிக்குக் கீழே 200 மில்லிமீட்டர் நீர் வடிகிற நிலத்தில், எக்டேருக்கு 23 கிலோ நைட்ரஜன் கசிந்தாலே அந்த வடிநீர் வரம்பைத் தொட்டுவிடும். 50 கிலோ யூரியாவில் இருக்கும் அளவுதான் அது.

மாசு என்றதும் பெரும்பாலோர் கடைசியில் இருந்து தொடங்குகிறார்கள். குட்டை வெட்டலாமா, வடிகட்டி வைக்கலாமா, நாணல் நடலாமா என்ற கேள்விகள் முதலில் வருகின்றன. எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. ஆனால் வாசல் வழியாகத் தீவனமாகவும் உர மூட்டையாகவும் உள்ளே வந்த சத்து, பாலாகவோ விளைபொருளாகவோ எருவாகவோ வெளியே போகவில்லை என்றால் பண்ணைக்குள்ளேயே சேர்கிறது. சேர்ந்தது ஒருநாள் தண்ணீரோடு கிளம்பும். குட்டையும் வடிகட்டியும் அதன் பயணத்தைத் தாமதப்படுத்தும், அவ்வளவே. ஆகவே கைவைக்க வேண்டிய முதல் இடம் தீவனத் தொட்டி. அங்கே எடுக்கும் நடவடிக்கைக்குச் செலவும் இல்லை, பெரும்பாலும் மிச்சம்தான்.

தீவனத் தொட்டியில் செய்ய வேண்டியது

புரதத்தை 17-இலிருந்து 16 சதவீதமாகக் குறைத்தால் மேலே சொன்ன மாட்டுக்கு நாளொன்றுக்கு 32 கிராம் நைட்ரஜன் குறையும். இதில் முக்கியமான செய்தி, இந்தக் குறைவு ஏறக்குறைய முழுக்க மூத்திரத்தில் நடக்கும் என்பது. தேவைக்கு மிஞ்சிய புரதம் வயிற்றில் அமோனியாவாக உடைந்து, கல்லீரலில் யூரியாவாகி, சிறுநீரகம் வழியே போகிறது. சாணத்தில் உள்ள நைட்ரஜன் மெதுவாக மட்கும். மூத்திரத்தில் உள்ளதோ சில மணி நேரத்தில் காற்றிலோ நீரிலோ கலந்துவிடும். அதனால் ஆபத்தான பங்குதான் முதலில் குறைகிறது.

குறைப்பதற்கு முன்னால் உண்மையில் என்ன கொடுக்கிறோம் என்று தெரிய வேண்டும். கூடைக் கணக்கு உதவாது. பசுந்தீவனத்தில் ஈரம் தினமும் மாறும். மழைக்குப் பிறகு அறுத்த புல்லில் உலர் பொருள் 14 சதவீதமாக இறங்கும். வெயில் காலத்து முதிர்ந்த புல்லில் 25-ஐத் தாண்டும். அதே கூடை நிறையப் போட்டாலும் மழைநாளில் மாட்டுக்குப் போகும் உலர் பொருள் ஏறக்குறைய பாதிதான். 100 கிராம் மாதிரியைப் பொடியாக நறுக்கி மைக்ரோவேவ் அடுப்பில் ஒரு குவளைத் தண்ணீரோடு வைத்து, இரண்டு மூன்று நிமிடத் தவணைகளில் சூடாக்கி, எடை குறையாமல் நிற்கும் வரை எடுத்து எடுத்து நிறுத்துப் பாருங்கள். கடைசி எடை எத்தனை கிராமோ அத்தனை சதவீதம் உலர் பொருள். தண்ணீர்க் குவளையை மறந்தால் புல் கருகித் தீப்பிடிக்கும். பசுந்தீவனம் மாறும்போதெல்லாம் இதைச் செய்ய வேண்டும்.

பிறகு பால் யூரியா நைட்ரஜன் பரிசோதனை. மொத்தப் பால் தொட்டியில் எடுத்த மாதிரியில் 100 மில்லிக்கு 8 முதல் 12 மில்லிகிராம் என்பது நல்ல இடம். 16-க்கு மேல் போனால் புரதம் வீணாகிறது. சில ஆய்வகங்கள் யூரியா நைட்ரஜனைச் சொல்லாமல் யூரியாவைச் சொல்லும். அந்த எண்ணை 2.14-ஆல் வகுக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் 26 என்ற எண்ணைப் பார்த்துப் பதறிப் புண்ணாக்கை வெட்டினால் பால்தான் குறையும். 26 யூரியா என்பது 12 யூரியா நைட்ரஜன், அதாவது சரியான அளவு.

எண் அதிகமாக இருந்தாலும் உடனே புரதத்தின் மேல் பழிபோட வேண்டாம். வயிற்று நுண்ணுயிர்கள் அமோனியாவைப் பிடித்துத் தங்கள் புரதமாக மாற்ற மாவுச்சத்து தேவை. தளிர்ப்புல்லும் பயறுவகைத் தீவனமும் நிறையக் கொடுத்து, தானிய மாவைக் குறைத்தால் புரத அளவு சரியாக இருந்தும் யூரியா ஏறும். அப்போது ஒரு கிலோ புண்ணாக்குக்குப் பதில் ஒரு கிலோ மக்காச்சோள மாவு வைத்துப் பார்ப்பது சரியான முதல் அடி. மாற்றம் எதுவானாலும் ஒரு தடவைக்கு அரை முதல் ஒரு சதவீதப் புரதம் மட்டும் குறைத்து, இரண்டு வாரம் பாலளவையும் பால் புரதத்தையும் கவனித்து, அடுத்த அடி வைக்க வேண்டும். எல்லா மாட்டுக்கும் ஒரே கலவை கொடுக்கும் பண்ணையில்தான் வீண் மிக அதிகம். கன்று ஈன்று இரண்டு மாதமான மாட்டுக்குப் போடும் கலவை, கறவை வற்றும் கட்டத்தில் இருக்கும் மாட்டுக்கும் போகிறது. மந்தையை இரண்டாகப் பிரித்தாலே போதும்.

பாஸ்பரஸ் இன்னும் எளிது. தவிடுகளில் அது மிகுதி: கோதுமைத் தவிட்டில் சுமார் 1 சதவீதம், எண்ணெய் எடுத்த அரிசித் தவிட்டில் அதைவிட அதிகம். தவிடும் புண்ணாக்கும் தாராளமாகப் போடும் பண்ணையில், அதன் மேல் பாஸ்பரஸ் நிறைந்த தாது உப்புக் கலவையும் போகிறது. தாவரத் தீவனத்தில் உள்ள பைட்டேட் பாஸ்பரஸைக் கோழியால் செரிக்க முடியாது. மாட்டின் முதல் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் அதை நன்றாகவே உடைத்துவிடும். கோழித் தீவனக் கணக்கை மாட்டுக்குக் கொண்டுவருவது இங்கே நடக்கும் பழைய பிழை. ‘பாஸ்பரஸ் போட்டால்தான் சினை பிடிக்கும்’ என்ற நம்பிக்கையும் விடாப்பிடியானது. கடுமையான பற்றாக்குறை இருந்தால் சினை பிடிப்பது தள்ளிப்போகும் என்பது உண்மை. தேவைக்கு மேல் கொடுத்தால் சினை விரைவாகப் பிடிக்கும் என்பதற்குச் சான்று இல்லை. தீவனத்தை ஆய்வகத்தில் பார்த்து 0.35 முதல் 0.38 சதவீதம் ஏற்கெனவே இருந்தால், பாஸ்பரஸ் இல்லாத அல்லது மிகக் குறைந்த தாது உப்புக் கலவைக்கு மாறுங்கள். கால்சியம், செம்பு, துத்தநாகம் போன்றவை தொடரட்டும். தாது உப்பையே நிறுத்திவிடுவது வேறு நோய்களில் கொண்டுபோய் விடும்.

இன்னொன்று: கறவை இல்லாமல் நிற்கும் மாடுகளும், தேவைக்கு மேல் வளர்க்கும் கிடேரிகளும் தின்பது முழுவதும் கழிவுக் கணக்கில் சேரும். முதல் ஈற்று 36 மாதத்துக்குப் பதில் 26 மாதத்தில் வந்தால், ஒவ்வொரு கிடேரிக்கும் பத்து மாதச் சாணம் மிச்சம்.

தரையும் கூரையும்

மூத்திரத்தில் உள்ள யூரியா தனியாக இருக்கும்வரை பெரிதாக ஒன்றும் செய்யாது. சாணத்தில் யூரியேஸ் என்ற நொதி உண்டு. இரண்டும் கலந்த மறுகணமே உடைப்பு தொடங்கி, சூடான நாளில் சில மணி நேரத்தில் பெரும்பங்கு அமோனியாவாகிறது. தரையில் தேங்கி நிற்கும் மூத்திரக் குட்டைகள்தான் கொட்டகையின் நெடிக்குக் காரணம். மீட்டருக்கு 1.5 முதல் 2 செ.மீ. சரிவு, நடுவில் மூத்திரம் உடனே இறங்கும் வாய்க்கால், நாளுக்கு இரண்டு தடவைக்குப் பதில் நான்கைந்து தடவை வழிப்பது ஆகிய மூன்றும் போதும். தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவது வழிப்பதற்கு மாற்று அல்ல. சாணத்தை வழித்து எடுத்தபின் கழுவினால் கழுநீர் பாதியாகக் குறையும்.

காற்றில் போன அமோனியாவால் தண்ணீருக்கு என்ன கேடு என்று கேட்கலாம். அது அருகிலுள்ள காட்டிலும் குளத்திலும் மழையோடு இறங்கும். தவிர, உரமாக வைத்திருந்தால் பயிருக்குப் போயிருக்க வேண்டியது. அதை இழந்தவர் ஈடுகட்ட உர மூட்டை வாங்குவார். கணக்கு மறுபடி ஏறும்.

சாணக் கரைசல் தொட்டியின் அளவைத் தீர்மானிப்பது மாடுகள் மட்டும் அல்ல, மழையும்தான். 50 கறவை மாடுகள், மாட்டுக்கு நாளொன்றுக்குச் சாணமும் மூத்திரமுமாக 55 லிட்டர், நிலத்துக்கு எடுத்துப்போக முடியாத 120 நாட்கள்: 330 கன மீட்டர். பால்கறவைக் கூடக் கழுநீர் மாட்டுக்கு 30 லிட்டர் வைத்தால் 180 கன மீட்டர். கூரையில்லாத முற்றம் 400 சதுர மீட்டர், தொட்டியின் மேற்பரப்பு 150 சதுர மீட்டர், அந்த நான்கு மாத மழை 300 மில்லிமீட்டர் என்றால் 165 கன மீட்டர். கூட்டினால் 675. இதில் பாதிக்கு மேல் வெறும் தண்ணீர். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் என்ற கணக்கை எல்லோரும் படித்திருக்கிறோம். தொட்டி கட்டும்போதுதான் மறந்துவிடுகிறோம். முற்றத்துக்குக் கூரை போட்டு, எல்லாக் கூரை விளிம்பிலும் நீர் பிடிக்கும் தகரப் பீலி வைத்து, மழைநீரைத் தனி வாய்க்காலில் வெளியேற்றினால் 120 கன மீட்டர் உள்ளே வராது. அதைத் தொட்டியில் வாங்கி, பம்ப் போட்டு இறைத்து, டேங்கரில் வயலுக்கு இழுக்கும் செலவைக் கணக்கிட்டால் கூரைச் செலவு பெரிதாகத் தெரியாது. ஒரு எச்சரிக்கை: சுத்த நீர் வாய்க்காலின் வாய் முற்றத்து மட்டத்துக்குத் தாழ்ந்திருந்தால் சாண நீர் அதில் புகுந்து நேரே ஓடைக்குப் போகும். விளிம்பை 10–15 செ.மீ. உயர்த்திக் கட்ட வேண்டும்.

கான்கிரீட் அல்லது இரும்புத் தொட்டியில் மேலே 30 செ.மீ., மண்கரைக் குட்டையில் 75 செ.மீ. காலியாக விட வேண்டும். மண்கரையில் அலையும் அரிப்பும் சேரும் என்பதால் அங்கே கூடுதல். கசிவைக் கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு. உள்ளே எதுவும் போகாத இரண்டு நாட்கள் கிடைத்தால், அளவுகோல் நட்டு மட்டம் குறித்து, பக்கத்தில் அகன்ற பாத்திரத்தில் தண்ணீர் வைத்து அதன் மட்டத்தையும் குறிக்கவும். பாத்திரத்தில் ஆவியானதைவிடக் குட்டை அதிகம் இறங்கினால் கசிகிறது. மேலே ஆடை கட்டிய குட்டையில் ஆவியாதல் இன்னும் குறைவு என்பதால் சிறு வித்தியாசத்தையும் சந்தேகப்படலாம். கசிவு பெரும்பாலும் குழாய் கரையைத் துளைத்துச் செல்லும் இடத்திலோ, குட்டையைக் காலி செய்தபின் களிமண் அடித்தளம் வெயிலில் வெடித்த இடத்திலோ, கரையில் வளரவிட்ட மரத்தின் வேரடியிலோ இருக்கும். காலி செய்யும்போது அடியில் 30 செ.மீ. கரைசலை விட்டுவைத்தால் வெடிப்பு வராது.

தொட்டியை மூடி வைப்பது அமோனியா இழப்பைப் பெருமளவு தடுக்கும். மாட்டுச் சாணத்தில் இயற்கையாகக் கட்டும் தடித்த ஆடையே ஓரளவு வேலை செய்யும். அதைத் தினமும் கலக்கிக் கெடுக்காதிருந்தால் போதும். மேலிருந்து ஊற்றாமல் அடியிலிருந்து நிரப்ப வேண்டும்.

கலக்குவதைப் பற்றிப் பேசும்போது இதைச் சொல்லாமல் விடக்கூடாது. நாட்பட்ட கரைசலைக் கலக்கியதும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு ஒரே மூச்சில் வெளியேறும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் வரும். அளவு கூடினால் மூக்கு அதை உணரும் சக்தியையே இழக்கும். நாற்றம் நின்றுவிட்டது என்பது ஆபத்து நீங்கியதற்கு அடையாளம் அல்ல. கொட்டகைக்கு அடியில் தொட்டி இருந்தால் மாடுகளையும் ஆட்களையும் வெளியேற்றி, எல்லாக் கதவையும் திறந்து, காற்று வீசும் நாளில் கலக்க வேண்டும். முதல் அரை மணி நேரம் யாரும் உள்ளே போகக்கூடாது. தொட்டிக்குள் விழுந்தவரைக் காப்பாற்ற மூச்சுக் கருவி இல்லாமல் இறங்குபவரும் பிழைப்பதில்லை.

பாலும், குழியில் இறுக்கி மூடிப் புளிக்கவைக்கும் பசுந்தீவனமான சைலேஜிலிருந்து வடியும் நீரும் தனிக் கவனம் கேட்பவை. அழுக்கு நீர் ஓடையின் ஆக்சிஜனை எவ்வளவு உறிஞ்சும் என்பதை உயிர்வேதி ஆக்சிஜன் தேவை என்ற அளவால் சொல்வார்கள். வீட்டுச் சாக்கடைக்கு அது லிட்டருக்கு 300–400 மில்லிகிராம். சாணக் கரைசலுக்கு 10,000–20,000. சைலேஜ் வடிநீருக்கு 30,000–80,000. பாலுக்கு ஒரு லட்சத்துக்கு மேல். மடிநோய்க்கு மருந்து போட்டதால் ஒதுக்கிய பாலைச் சாக்கடையில் கவிழ்ப்பது எத்தனை பெரிய தவறு என்று இதில் தெரியும். அது சாணத் தொட்டிக்குப் போக வேண்டும். சைலேஜ் நீரைத் தடுக்கத் தொட்டி கட்டுவதைவிட, அறுத்த பயிரை வாட்டி உலர் பொருள் 30 சதவீதத்துக்கு வந்தபின் குழியில் இடுவது மேல். அப்போது வடிநீர் ஏறக்குறைய வராது. வந்தால் அது புளித்த அமிலம், சாதாரண சிமென்ட்டை அரித்துவிடும். மூடிய தொட்டியில் சாணக் கரைசலோடு அதைக் கலக்கவே கூடாது. மேலே சொன்ன அதே வாயு பீறிடும்.

பயோகேஸும் பிரிப்பானும் செய்யாதவை

பயோகேஸ் கலன் வைத்தால் மாசு தீர்ந்தது என்று விற்பவர்கள் சொல்வது சரியல்ல. கலனில் கார்பன்தான் வாயுவாகிப் போகிறது. தழைச்சத்தும் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) உள்ளே போன அளவே வெளியே வரும். சொல்லப்போனால் அமோனியம் பங்கு கூடி, கார நிலையும் சற்று ஏறுவதால், கலனிலிருந்து வரும் கரைசல் திறந்த குட்டையில் கிடந்தால் அமோனியாவை இன்னும் வேகமாக இழக்கும். எரிபொருளுக்காக வையுங்கள், நெடி குறைவதற்காக வையுங்கள். சத்துக் கணக்கில் அதற்குப் பங்கு இல்லை. ஒரு நன்மை உண்டு: அமோனியம் பயிருக்கு உடனே கிடைக்கும் வடிவம் என்பதால், சரியான நேரத்தில் மண்ணுக்குள் சேர்த்தால் உர மூட்டைக்கு நல்ல மாற்று.

சாணக் கரைசலைக் கட்டியாகவும் திரவமாகவும் பிரிக்கும் திருகு அழுத்தப் பிரிப்பான் பற்றியும் ஒரு தவறான எண்ணம் பரவலாக உள்ளது. கட்டியாக வரும் நார்ப்பொருளைப் பார்த்ததும் சத்தெல்லாம் அதில் வந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். சல்லடைக் கண் அரை மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர் வரை. பாஸ்பரஸின் பெரும்பகுதி அதைவிட மிக நுண்ணிய துகள்களில் ஒட்டிக்கொண்டு திரவத்தோடு போய்விடும். திருகுப் பிரிப்பானில் கட்டிப் பகுதிக்கு வருவது பாஸ்பரஸில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. சுழல்விசைப் பிரிப்பான் பாதிக்கு மேல் பிடிக்கும், ஆனால் விலையும் மின்செலவும் அதிகம். திருகுப் பிரிப்பான் வைக்கும் நியாயமான காரணங்கள் வேறு: படுக்கைக்கு நார் கிடைக்கும், திரவம் குழாயில் அடைக்காமல் ஓடும், தொட்டியில் இடம் மிச்சமாகும்.

மட்கு எரு ஆக்கினால் எடையும் ஈரமும் குறைந்து தூரம் எடுத்துச்செல்ல முடிகிறது. நிலம் போதாத பண்ணைக்கு இதுதான் வழி, ஏனென்றால் பாஸ்பரஸ் வாசலைத் தாண்டிப் போகிறது. கார்பன்–நைட்ரஜன் விகிதம் 25 முதல் 30, ஈரம் 50–60 சதவீதம். வைக்கோலோ மரத்தூளோ போதாமல் சாணத்தை மட்டும் குவித்தால் நைட்ரஜனில் பெரும்பங்கு காற்றில் போகும். குவியலின் அடியிலிருந்து கறுப்பு நீரும் வடியும். கூரையின் கீழ், இறுகிய தளத்தின் மேல் குவிக்க வேண்டும்.

வயலில்

மாட்டுச் சாணக் கரைசல் ஒரு கன மீட்டரில், உலர் பொருள் 6 சதவீதம் இருக்கும்போது, சுமார் 2.6 கிலோ தழைச்சத்தும் 1.2 கிலோ மணிச்சத்தும் இருக்கும். உர மூட்டையில் மணிச்சத்து என்று எழுதுவது ஆக்சைடு கணக்கு, தீவன ஆய்வில் வரும் பாஸ்பரஸ் தனிமக் கணக்கு. 1 கிலோ பாஸ்பரஸ் 2.29 கிலோ மணிச்சத்துக்குச் சமம். இரண்டையும் கலந்தால் எல்லாக் கணக்கும் இரண்டு மடங்குக்கு மேல் பிசகும்.

மக்காச்சோளத்துக்கு 150 கிலோ தழைச்சத்து முழுவதையும் கரைசலிலேயே கொடுக்க நினைப்பதாக வைப்போம். அந்தப் பருவத்தில் பயிருக்குக் கிடைப்பது மொத்தத் தழைச்சத்தில் 35–40 சதவீதம், அதாவது கன மீட்டருக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. எக்டேருக்கு ஏறக்குறைய 154 கன மீட்டர் ஊற்ற வேண்டும். அதில் மணிச்சத்து 185 கிலோ போய்விடும். மக்காச்சோளப் பயிர் எடுப்பது அதில் பாதியைக்கூட எட்டாது. மீதி மண்ணில் சேரும். சில வருடங்கள் மண் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிடிக்கும் இடங்கள் நிரம்பியதும் மழைநீரில் கரைந்தே வெளியேறத் தொடங்கும். ஆகவே கரைசலின் அளவை மணிச்சத்தை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும், தழைச்சத்தில் வரும் குறையை மட்டும் மூட்டையால் நிரப்ப வேண்டும். பயிருக்குக் கிடைக்கும் பாஸ்பரஸை அளக்கும் ஓல்சன் மண் பரிசோதனை முறையில் மண்ணின் பாஸ்பரஸ் லிட்டருக்கு 25 மில்லிகிராமைத் தாண்டியிருந்தால் அந்த வயலுக்கு மணிச்சத்து தேவையே இல்லை. கரைசலைத் தூரத்து வயலுக்கு எடுத்துப் போங்கள். கொட்டகைக்குப் பக்கத்து வயலில் மட்டும் எண்கள் உச்சத்தில் நிற்கும், கடைசி வயல் ஏங்கும். டேங்கர் ஓட்டுநரின் சோம்பலை மண் பரிசோதனைத் தாள் காட்டிக்கொடுத்துவிடும்.

இதையெல்லாம் ஒரே எண்ணாகச் சுருக்கிய சட்டமும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1991-ஆம் ஆண்டு நைட்ரேட் நெறிமுறை, பாதிப்புள்ள பகுதிகளில் கால்நடை எருவிலிருந்து எக்டேருக்கு வருடம் 170 கிலோ நைட்ரஜனே போகலாம் என்கிறது. 30 லிட்டர் கறக்கும் மாடு, சேமிப்பில் இழப்பது போக, வருடத்துக்கு 100 கிலோவுக்கு மேல் தருகிறது. எக்டேருக்கு ஒன்றரை மாடு என்று வைத்துக்கொள்ளலாம். சட்டம் பொருந்தாத இடத்திலும் தன் பண்ணை எங்கே நிற்கிறது என்று பார்க்க நல்ல அளவுகோல்.

மாதிரி எடுப்பதில் ஒரு சூட்சுமம். கரைசல் அடுக்கடுக்காகப் படியும், பாஸ்பரஸ் அடியில் தங்கும். கலக்காமல் இறைத்தால் முதல் டேங்கர்கள் வெறும் தண்ணீர், கடைசி டேங்கர்கள் கெட்டிச் சேறு. கடைசியாகக் கொட்டிய வயல் அளவுக்கு மீறி வாங்கும். நன்றாகக் கலக்கி, ஐந்தாறு இடத்தில் எடுத்து, வாளியில் சேர்த்துக் கிளறி, அதிலிருந்து ஒரு லிட்டர் அனுப்ப வேண்டும். புட்டியை விளிம்புவரை நிரப்பினால் வாயு சேர்ந்து வெடிக்கும். கால்பங்கு காலியாக விடவும்.

டேங்கர் எவ்வளவு போடுகிறது என்பதை ஒருமுறையாவது அளக்க வேண்டும். 6,000 லிட்டர் டேங்கர் 8 மீட்டர் அகலத்துக்குத் தெளித்து 250 மீட்டர் ஓடிக் காலியானால், 2,000 சதுர மீட்டரில் 6 கன மீட்டர், அதாவது எக்டேருக்கு 30 கன மீட்டர். அதே கியரும் வேகமும் குறித்துக்கொண்டால் போதும். 30 கன மீட்டர் என்பது மண்மேல் 3 மில்லிமீட்டர் உயரம். ஒரே தடவையில் 50-க்கு மேல் போனால் மண் குடிக்காமல் வழியும்.

எப்போது, எப்படி என்பதுதான் மிச்சம். விசிறித் தட்டில் அடித்து உயரே பறக்கவிட்டால் அமோனியாவில் பாதி, முதல் ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் போய்விடும். தொங்கு குழாய்களால் தரையை ஒட்டி வரிசையாக விடுவது மேல். மண்ணைக் கீறி 5 செ.மீ. ஆழத்தில் விடுவது அதைவிட மேல். இரண்டும் இல்லையென்றால் நாலு மணி நேரத்துக்குள் உழுது மூட வேண்டும், அடுத்த நாள் உழுவதில் பயன் குறைவு. வெயில் தாழ்ந்த, காற்றில்லாத மாலை நல்லது. நீர் தேங்கிய மண், உறைந்த மண், அடுத்த இரண்டு நாளில் கனமழை என்ற முன்னறிவிப்பு: இந்த மூன்றிலும் டேங்கரை வெளியே எடுக்கக்கூடாது. வெடித்துக் கிடக்கும் காய்ந்த மண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நிலத்தடி வடிகால் குழாய் பதித்த வயலில், வெடிப்பு வழியே கரைசல் மண்ணைத் தொடாமலே குழாய்க்கு இறங்கி ஒரு மணி நேரத்தில் ஓடைக்கு வந்துவிடும். தெளித்த அன்று வடிகால் வாயைப் போய்ப் பார்க்க வேண்டும். நீர் பழுப்பாக வந்தால் உடனே நிறுத்தி வாயை அடைக்க வேண்டும். நீர்நிலையிலிருந்து 10 மீட்டர், கிணறு, ஊற்று, ஆழ்துளைக் கிணற்றிலிருந்து 50 மீட்டர் விலகி நிற்பது பொதுவான இடைவெளி.

ஓடைக்கரையில் விடும் புல்வரப்பு மண்ணோடு வரும் பாஸ்பரஸைப் பிடிக்கும். கரைந்து வருவதைப் பிடிக்காது. வெள்ளம் ஒரே இடத்தில் சால் பறித்து ஓடினால் எத்தனை மீட்டர் அகலம் விட்டும் பயனில்லை. நிலத்தடி வடிகாலோ அதன் அடியிலேயே போய்விடும். அந்தப் புல்லை அறுத்து வெளியே எடுக்காவிட்டால் வரப்பே சில ஆண்டுகளில் பாஸ்பரஸ் மூலமாகிவிடும். தீவனச் சோளம் அறுத்தபின் நிலத்தை வெறுமனே போடாமல் இரண்டு வாரத்துக்குள் வேகமாக வேர்விடும் இடைப்பயிர் விதைப்பது, எஞ்சிய நைட்ரேட்டைப் பிடிக்க வரப்பைவிடப் பல மடங்கு உதவும்.

மேய்ச்சல் மாடுகளில் சிக்கல் புள்ளி புள்ளியாக இருக்கும். ஒரு தடவை 2 லிட்டர் மூத்திரம், லிட்டருக்கு 8 கிராம் நைட்ரஜன், விழும் இடம் 0.3 சதுர மீட்டர்: எக்டேர் கணக்கில் 530 கிலோவுக்குச் சமம். எந்தப் புல்லாலும் அதை எடுக்க முடியாது. மழைக்காலத்துக்கு முந்தைய வாரங்களில் விழும் மூத்திரம்தான் பெரும்பாலும் கசிகிறது என்பதால், அப்போது மேய்ச்சல் நேரத்தைக் குறைத்துக் கொட்டகையில் நிறுத்த வேண்டும். ஓடைக்கு வேலி போட்டு, மேட்டில் தண்ணீர்த் தொட்டி வைத்தால் மாடுகள் தண்ணீரில் நின்று சாணம் போடுவது நின்றுவிடும். கால் நோயும் குறையும்.

பலனை அளக்க விரும்பினால் பண்ணைக்கு மேலேயும் கீழேயும் ஓடை நீரை, வறண்ட நாளில் ஒன்றும் நீண்ட வறட்சிக்குப் பின் வரும் முதல் கனமழையின்போது ஒன்றுமாக எடுங்கள். பாஸ்பரஸ் வருடம் முழுக்கப் போவதில் பெரும்பங்கு ஒருசில பெருமழை நாட்களிலேயே போகும். வெயில் நாள் மாதிரியில் எல்லாம் சரியாகத் தெரியும். கிணற்று நைட்ரேட்டை வருடம் இரண்டு முறை, மழைக்கு முன்னும் பின்னும் பார்க்கலாம். தீவனத்தில் செய்த மாற்றம் பால் யூரியாவில் சில நாளில் தெரியும். மண் பாஸ்பரஸ் இறங்கப் பல ஆண்டுகள் பிடிக்கும். கிணறு அதனினும் மெதுவாக இறங்கக்கூடும், ஏனென்றால் இன்று இறைக்கும் நீர் பல ஆண்டுகளுக்கு முன் அந்த மண்ணில் இறங்கியதாக இருக்கலாம்.